நவஹோ மண்ணுக்கு முதல்முறை ஊழியப் பயணம் போகிறவர்களுக்கு

பிப்ரவரி பிறந்தாலே எங்கள் சபையில் இந்தக் கேள்வி வந்துவிடும். ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, புதிதாகச் சேர்ந்த தம்பியோ தங்கையோ வந்து, "அண்ணா, இந்த வருஷம் நவஹோ டிரிப்புக்கு நாங்களும் வரலாமா? என்னென்ன எடுத்துட்டு வரணும்?" என்று கேட்பார்கள். நான் ஃபீனிக்ஸிலிருந்து ஏழு கோடையாகப் போய் வருகிறேன். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. பையில் என்ன வைப்பது என்பது இதில் சின்னப் பகுதிதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய.

போகும் இடத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. நவஹோக்கள் அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள். அவர்களுடைய நவஹோ நேஷன் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கிறது. பரப்பு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். அதற்குள் குடியிருப்பவர்களோ ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டுவார்கள், அவ்வளவுதான். தலைநகர் விண்டோ ராக்கில் அவர்களுடைய அரசு இயங்குகிறது. தலைவர், மன்றம், நீதிமன்றம், போலீஸ் எல்லாம் அவர்களுடையவை. தங்களை அவர்கள் டினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். மக்கள் என்று அர்த்தம். நாம் அங்கே விருந்தாளிகள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

குறைந்தது ஆறு மாதத்துக்கு முன்பே அங்குள்ள ஒரு நவஹோ சபையின் போதகரோடு பேசத் தொடங்குங்கள். உங்கள் சபைப் பிரிவுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு சபை இருக்க வாய்ப்பு அதிகம். கத்தோலிக்கர், பிரெஸ்பிடேரியன், கிறிஸ்டியன் ரிஃபார்ம்ட், எபிஸ்கோபல், லுத்தரன், பெந்தெகொஸ்தே என எல்லோருக்கும் அங்கே நெடுநாள் சபைகள் உண்டு. "நாங்கள் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துகிறோம், சுவருக்கு வெள்ளையடிக்கிறோம்" என்று திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பிக்காதீர்கள். "இந்தக் கோடையில் உங்களுக்கு என்ன உதவி வேண்டும்? எத்தனை பேர் வந்தால் உங்களுக்குச் சுமையாக இருக்காது?" இந்த இரண்டு கேள்வி போதும். பதில் உடனே வராது. போனில் நீண்ட மௌனம் இருக்கும். அந்த மௌனத்தில் நீங்கள் புகுந்து பேசிவிடாதீர்கள். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் முதல் வருடத்தில் கேட்காமல் மூன்று பெட்டி நிறையப் பழைய துணி கொண்டுபோனோம். போதகர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். மறுநாள் ஏணி எடுக்கப் பின்னறைக்குப் போனேன். கூரைவரை அதேபோலப் பெட்டிகள், வெவ்வேறு ஊர்ச் சபைகளின் பெயர் எழுதி. அங்கே தேவைப்பட்டது குடிதண்ணீர் டிரம்மும் விறகும். அதை அவர் சொல்லியிருப்பார், நாங்கள்தான் கேட்கவில்லை.

குழு சின்னதாக இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். போன வருடம் வந்தவர்களில் பாதிப்பேராவது இந்த வருடமும் வர வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. தெரிந்த முகம் திரும்ப வருவதற்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

கொஞ்சம் வரலாறு படிக்காமல் வண்டி ஏறாதீர்கள்

1864இல் அமெரிக்க ராணுவம் இந்த மக்களின் பயிரையும் பழமரங்களையும் ஆடுகளையும் அழித்து, 8,000க்கும் மேற்பட்டவர்களை நியூ மெக்சிகோவின் கிழக்கே பாஸ்கே ரெடோண்டோவுக்கு 300 மைலுக்கு மேல் நடக்க வைத்தது. அதை நெடுநடை என்பார்கள். அங்கே பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். 1868 ஜூன் 1ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, சொந்த மண்ணுக்கே திரும்பி வந்தார்கள். அந்த ஒப்பந்தத்திலேயே 6 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு.

நம்மைத் தொடுகிற பகுதி அடுத்து வருகிறது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து அரசு பூர்வகுடி மக்களின் பகுதிகளைத் திருச்சபைப் பிரிவுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. அரசும் சபைகளும் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழி பேசினால் அடித்தார்கள். நாடு முழுக்க இப்படி 408 பள்ளிகள் இருந்ததாக அரசே 2022இல் அறிக்கை வெளியிட்டது. 2024 அக்டோபரில் ஜனாதிபதி பைடன் அரிசோனாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வருடம் வி.பி.எஸ். நடக்கும்போது பிள்ளைகளை உயர வாரியாக வரிசையில் நிறுத்திக் கை கழுவ அனுப்பினோம். வேப்பமர நிழல்போல ஒரு காட்டன்வுட் மர நிழலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எழுந்து உள்ளே போய்விட்டார். சாயங்காலம் போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் சின்ன வயதில் பள்ளியில் அப்படித்தான் நின்றவர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் வரிசை வைப்பதில்லை. தண்ணீர்க் குடத்தையும் பேசினையும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே தூக்கிக்கொண்டு போகிறோம்.

அதேசமயம் விசுவாசம் அங்கே வேரூன்றியிருப்பதையும் பார்ப்பீர்கள். நவஹோ மொழியில் புதிய ஏற்பாடு 1956இலும் முழு வேதாகமம் 1985இலும் வந்தன. தமிழில் 1715இலேயே புதிய ஏற்பாட்டை அச்சில் பார்த்த நமக்கு, தாய்மொழியில் வசனம் கேட்பது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனையில் முதியவர்கள் நவஹோவில் கீர்த்தனை பாடும்போது சும்மா உட்கார்ந்து கேளுங்கள். பிரசங்கம் பண்ணப் போதகர் இருக்கிறார். ஒரே வீட்டில் தாத்தா மரபு வழியில் சடங்கு செய்பவராகவும், மகள் கத்தோலிக்கராகவும், பேரன் பெந்தெகொஸ்தேயாகவும் இருப்பார்கள். அவர்களுடைய ஜெபத்தையோ சடங்கையோ பற்றி ஒரு சொல்கூடக் குறைவாகப் பேசக் கூடாது.

காகிதவேலை

பிள்ளைகளோடு பழகப்போகிற ஒவ்வொருவருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர். மருத்துவப் படிவம், காப்பீட்டு அட்டை, மாத்திரைப் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மது அங்கே விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் தடை. வண்டியில் ஒரு பீர் புட்டிகூட இருக்கக் கூடாது. ட்ரோனையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நேரமும் சாலையும்

கோடையில் முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம் கடிகாரம். அமெரிக்காவின் பெரும்பகுதியில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அரிசோனா அந்தக் கோடை நேரத்துக்கு மாறுவதில்லை. நவஹோ நேஷன் மாறுகிறது. அதன் நடுவில் இருக்கும் ஹோபி மக்களின் பகுதி மாறுவதில்லை. ஃபீனிக்ஸில் காலை 9 மணி என்றால் நவஹோ ஊரான டூபா சிட்டியில் 10. சாலைக்கு அந்தப் பக்கம் ஹோபி ஊரான மோன்கோபியில் மறுபடி 9. போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். ஆளுக்கொரு சாதாரணக் கைக்கடிகாரம் கட்டி, சபையின் நேரத்துக்குத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து நவஹோ ஊரான சின்லிக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆல்புகர்க்கியில் விமானம் இறங்கினால் காலப் வரை இரண்டு மணி நேரம், அங்கிருந்து விண்டோ ராக் அரை மணி. மளிகை, மருந்து, கட்டுமான வேலைக்கான மரம் எல்லாவற்றையும் ஃபிளாக்ஸ்டாஃபிலோ காலப்பிலோ வாங்கிவிடுங்கள். உள்ளே பெரிய மளிகைக்கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ராத்திரியில் ஓட்டாமல் இருந்தால் நல்லது, சாலையில் மாடும் குதிரையும் நிற்கும், விளக்கு இருக்காது.

மண்சாலைகளில் ஜி.பி.எஸ்.ஸை நம்பவே நம்பாதீர்கள். வீட்டுக்கு வழியைப் போதகரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "நீலத் தண்ணீர்த் தொட்டி தாண்டி இரண்டாவது திருப்பம்" என்பதுதான் அங்கே விலாசம். ஜூலை பிறந்தால் மதியத்துக்கு மேல் மழை வரும். மழை பத்து மைல் தள்ளிப் பெய்தாலும் காய்ந்து கிடந்த ஓடையில் திடீரென்று வெள்ளம் இறங்கும். ஓடும் தண்ணீரில் வண்டியை இறக்கவே கூடாது. மழை விட்ட பிறகும் செம்மண் சாலை வழுக்கும். ஒருமுறை மூன்று மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்து சாலை காயக் காத்திருந்தோம்.

பையில் என்ன

அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, வேலைக்கான தோல் கையுறை, ராத்திரிக்கு ஒரு ஜாக்கெட். பகலில் 35 டிகிரி அடித்தாலும் ராத்திரி குளிரும். பல இடங்கள் 5,500 அடிக்கு மேல். முதல் நாள் தலைவலி வரலாம், தண்ணீர் நிறையக் குடித்து மெதுவாக வேலை செய்யுங்கள். தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். காற்றாலைக் கிணறுகள் ஆடுமாடுகளுக்கானவை. 1944 முதல் 1986 வரை இந்த மண்ணிலிருந்து சுமார் 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டி எடுத்தார்கள். கைவிடப்பட்ட சுரங்கங்கள் மட்டும் 500க்கு மேல். சில கிணறுகளில் யுரேனியமும் ஆர்செனிக்கும் கலந்திருக்கின்றன.

தும்மல், காய்ச்சல் இருந்தால் அந்த வருடம் வராதீர்கள், டிக்கெட் பணம் போனாலும் பரவாயில்லை. 2020 மார்ச்சில் சில்சின்பீட்டோ என்ற சிற்றூரில் நடந்த ஒரு சபைக் கூட்டத்திலிருந்துதான் கொரோனா அங்கே வேகமாகப் பரவியது. மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருக்கும் ஊர்கள் இவை.

இன்னொன்று. பூட்டிக் கிடந்த அறையையோ கொட்டகையையோ சுத்தம் செய்யச் சொன்னால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். 1993இல் இந்தப் பகுதியில்தான் நுரையீரலைத் தாக்கும் ஹண்டாவைரஸ் நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது. மான் எலியின் புழுக்கை, மூத்திரம் காய்ந்து தூசியாகப் பறந்து மூச்சில் போனால் உயிருக்கே ஆபத்து. கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி வெளியில் நில்லுங்கள். அப்புறம் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டு, ஈரத்தோடு துணியால் துடைத்தெடுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது

வண்டியைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்திவிட்டு உள்ளேயே இருங்கள். யாராவது வெளியே வந்து தலையசைப்பார்கள். உடனே ஓடிப்போய்க் கதவைத் தட்டுவது அங்கே பழக்கமில்லை. கை கொடுக்கும்போது லேசாகத் தொட்டால் போதும், இறுக்கிக் குலுக்க வேண்டாம். கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள். விரலை நீட்டிக் காட்டாதீர்கள், அவர்கள் உதட்டைக் குவித்துத்தான் திசை காட்டுவார்கள். மரபான ஹோகன் வீட்டின் வாசல் கிழக்கு பார்த்திருக்கும். உள்ளே நுழைந்தால் இடப்பக்கமாகத் தொடங்கி, கடிகார முள் போகும் திசையில் சுற்றி வாருங்கள். இறந்தவர்களைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

"யாஅட்டே" என்றால் வணக்கம். "அஹேஹே" நன்றி. இந்த இரண்டைப் பழகிக்கொண்டாலே முகம் மலரும்.

உறவுமுறை விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாப் பாட்டியும் ஒன்றுதான். நமக்கு அம்மாச்சி வேறு, அப்பத்தா வேறு. டினேக்களுக்கும் அப்படித்தான். அம்மாவின் அம்மா ஷிமாசானி, அப்பாவின் அம்மா ஷினாலி. புதியவரைப் பார்த்ததும் பெயரோடு குலத்தையும் சொல்லிக்கொள்வார்கள். முதலில் அம்மாவின் குலம், பிறகு அப்பாவின் குலம், பிறகு இரண்டு தாத்தாக்களின் குலம். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. இதை நம்மவர்கள் கேட்டதுமே புரிந்துகொள்கிறோம். உங்களை அறிமுகம் செய்யும்போது வேலை, கம்பெனி என்று ஆரம்பிக்காமல், அம்மா ஊர், அப்பா ஊர், தாத்தா என்ன செய்தார் என்று சொல்லிப் பாருங்கள். என் தாத்தா ஆடு மேய்த்தவர் என்று சொன்ன அன்றைக்கு ஒரு பெரியவர் தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

நீங்கள் "இந்தியன்" என்று சொன்னால் எந்த இனக்குழு என்று கேட்கலாம். கடல் தாண்டித் தெற்கு இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளோடு

பள்ளி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும் என்பதால் வி.பி.எஸ்.ஸை ஜூனிலோ ஜூலை முதல் பாதியிலோ வைப்பார்கள். கைவினைப் பொருள்களை முன்கூட்டியே போதகர் வீட்டாரிடம் காட்டிவிடுங்கள். ஆந்தை கெட்ட சகுனம், பாம்பும் வேண்டாம். கடையில் வாங்குகிற அட்டைப் பெட்டிகளில் ஆந்தைப் படம் சர்வசாதாரணம், ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துவிடுங்கள். ஓநாயினத்துக் காயோட்டி வரும் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வார்கள். கோடையில் அதைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். பேய், பிணம் வரும் நாடகம் எதுவும் கூடாது. சிலுவைப்பாடுகளை எப்படிச் சொல்வது என்பதையும் போதகரிடமே கேளுங்கள்.

பிள்ளைகள் முதல் நாள் பேச மாட்டார்கள். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், மூன்றாம் நாள் தானாக வரும். நவஹோ பிள்ளைகள் ஒரு விஷயத்தைச் செய்து பார்ப்பதற்குமுன் நெடுநேரம் உற்றுக் கவனிப்பார்கள். அதை மந்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தலையைத் தடவுவது, முடியைத் தொடுவது வேண்டாம். முடி அவர்களுக்குப் பவித்திரமானது, பள்ளிகளில் அதைத்தான் முதலில் வெட்டினார்கள்.

படம் எடுக்காதீர்கள். பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் ஒன்றிரண்டு. நன்கொடை கேட்கும் காணொளிக்காக அழுக்குச் சட்டையோடு நிற்கும் பிள்ளையைப் படம் பிடிப்பது எனக்கு ஒருபோதும் ஏற்பில்லாத காரியம். நம் பிள்ளையை யாராவது அப்படி எடுத்துப் போட்டால் சும்மா இருப்போமா? "அடுத்த வருஷம் வருவேன்" என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்காதீர்கள், நிச்சயமாகத் தெரிந்தால் தவிர. பரிசு கொடுப்பதானால் பெற்றோர் கையில் கொடுங்கள். அம்மாவோ அப்பாவோ கொடுத்ததாக இருக்கட்டும்.

அழகான ஒரு வழக்கம் சொல்கிறேன். குழந்தை முதன்முதலில் வாய்விட்டுச் சிரிக்கும் நாளை டினேக்கள் விருந்து வைத்துக் கொண்டாடுவார்கள். சிரிக்க வைத்தவர்தான் விருந்துக்குப் பொறுப்பு. வந்தவர்கள் கையில் குழந்தையின் கையால் உப்பு கொடுக்க வைப்பார்கள், தாராள மனது வர வேண்டும் என்று. ஒருமுறை அந்த உப்பு என் உள்ளங்கையிலும் விழுந்தது.

கைவேலை

தண்ணீர், சாய்தளம், விறகு. இவைதான் பெரும்பாலும் கேட்பார்கள். குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகள் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 55 காலன் டிரம் ஒன்றில் 200 லிட்டருக்கு மேல் பிடிக்கும், அதாவது 200 கிலோவுக்கு மேல். சாதாரண பிக்கப் வண்டியில் மூன்றுக்கு மேல் ஏற்றாதீர்கள். உணவுக்கு ஏற்ற டிரம்மா என்று பார்த்து வாங்குங்கள்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவதானால் ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது கணக்கு. வாசல்படி 24 அங்குலம் என்றால் 24 அடி. ஒரு பாட்டி வீட்டில் வண்டி நிற்கும் இடத்தை நோக்கிக் கயிறு கட்டி, கம்பம் நடக் குழியும் தோண்ட ஆரம்பித்துவிட்டோம். பாட்டி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பேத்தியிடம் ஏதோ சொன்னார். பிறகு உதட்டைக் குவித்து எதிர்ப்பக்கம் காட்டினார். அங்கே ஆட்டுப்பட்டி. மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறைதான் போகிறார், ஆடுகளைப் பார்க்கத் தினமும் போக வேண்டும். குழிகளை மூடிவிட்டுப் பட்டிப் பக்கம் கட்டினோம். மறுநாள் விடியற்காலை அவர் தானே உருட்டிக்கொண்டு இறங்கிப் போனதை எல்லோரும் நின்று பார்த்தோம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஆட்டுக்கறி ஸ்டூ நம் ஆட்டுக்கால் சூப்புக்குப் பங்காளி. ஃப்ரை பிரெட், நீலச்சோளக் கஞ்சி, நவஹோ தேநீர் எது கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடுங்கள். ஒருநாள் நீங்களும் காரம் குறைத்துக் கோழிக்குழம்பு வையுங்கள்.

திரும்பி வந்த பிறகு

கடைசி நாள் தங்கிய இடத்தைக் கழுவி, மிச்சமான மரத்தையும் ஆணியையும் போதகரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். சபையில் சாட்சி சொல்லும்போது அந்தப் பிள்ளைகளின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுங்கள்.

செப்டம்பர் கடைசியில் போன் போடுங்கள். 2019இல் கயென்டா நிலக்கரிச் சுரங்கம் மூடியபிறகு அங்கிருந்து கரி எடுத்து எரித்த குடும்பங்களும் விறகுக்கு வந்துவிட்டன. குளிர் தொடங்குமுன் யார் வீட்டில் விறகு இல்லை, அடுப்பின் வாய் எத்தனை அங்குலம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போன அக்டோபரில் ஷிமாசானி வீட்டு அடுப்பில் 14 அங்குலத்துக்கு மேல் கட்டை நுழையாது என்றார் போதகர். ஜூனிபர் கட்டைகளை ஒவ்வொன்றாக அளந்து அறுத்து, சனிக்கிழமை விடியற்காலையில் வண்டியில் ஏற்றினோம்.